ஆட்டம் மட்டும் வேணும், ஆளு வேணாம்

1

நடனம் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் பார்க்கிறவர்கள் எழுதியது. அதிலும் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். முத்திரை, அபிநயம், பாவம், ரசம் என்று அவர்களிடம் ஒரு சொல்மூட்டையே இருக்கிறது. ஆடுகிறவனுக்கு அந்த மூட்டை உதவாது. முட்டி தேய்ஞ்சது, மணிக்கட்டு வீங்கினது, தரை சிமெண்டா டைல்ஸா, சுத்தி நின்ன கூட்டம் எவ்ளோ நெருக்கமா நின்னுச்சு என்றுதான் அவனுக்குப் பேச வரும். நான் ஹிப்ஹாப் ஆடுகிறவன். வியாசர்பாடிக்காரன். பதினைந்து வருஷத்துக்கு மேலாக ஆடுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லியும் தருகிறேன். சினிமாவிலும் டி.வி.யிலும் இப்போது செல்போனிலும் மலைமலையாக வந்து குவிகிற நடன வீடியோக்களை ஒரு ஆட்டக்காரனின் கண் எப்படிப் பார்க்கிறது என்பதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் கண்ணுக்கு முதலில் தெரிவது இதுதான்: ஆட்டம் இருக்கிறது, ஆளைக் காணோம். ஒரு அசைவை அது பிறந்த உடம்பிலிருந்து, அந்த உடம்பு வாழ்ந்த தெருவிலிருந்து காமிரா உரித்து எடுக்கிறது. உரித்ததை விலைபோகிற இன்னொரு முகத்துக்கு மாட்டிவிடுகிறது. செல்போன் வந்த பிறகு வந்த கேடு இது என்று சிலர் சொல்கிறார்கள். நாற்பது வருஷக் கதை இது. அந்தக் கதை நடந்த இடம் அமெரிக்கா. ஆனால் படிக்கிற உங்களில் பலருக்கு அது பக்கத்துத் தெருக் கதை மாதிரி இருந்தால் நான் பொறுப்பில்லை.

2

ஹிப்ஹாப் என்றால் தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கையை வீசுவது என்று நினைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். நியூயார்க் நகரத்தின் வடக்கே பிராங்க்ஸ் என்றொரு பகுதி. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த குடும்பங்களும் வாழ்ந்த இடம். ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி அதன் வயிற்றைக் கிழித்து ஒரு விரைவுச் சாலை போட்டார். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தூக்கியெறியப்பட்டன. 1970களில், வாடகை தேறாத கட்டிடங்களுக்கு இன்சூரன்ஸ் பணத்துக்காகச் சொந்தக்காரர்களே ஆள் வைத்துத் தீ மூட்டினார்கள். அப்படி எரிந்துகொண்டிருந்த ஊரில், 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் குடியிருப்பில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைத்தார். பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும், அதுக்காக. இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன் கிளைவ், ஜமைக்காவில் பிறந்தவர். 'டிஜே கூல் ஹெர்க்' என்று உலகம் அறிந்தது இவரைத்தான்.

பாட்டு ஓடும்போது சும்மா நிற்கிற பையன்கள், பாடுகிற குரல் நின்று மேளம் மட்டும் பேசுகிற இடம் வந்ததும் பாய்ந்து ஆடுவதை ஹெர்க் கவனித்தார். அந்த இடம் சில வினாடிதான் வரும். அதற்குப் பெயர் 'பிரேக்'. ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, ஒன்று முடிய இன்னொன்று என்று அந்த மேளத்தை மட்டும் நீட்டிக்கொண்டே போனார். அந்தப் பிரேக்குக்காகக் காத்திருந்து ஆடியவர்கள் 'பி-பாய்', 'பி-கேர்ள்' ஆனார்கள். நம்ம சாவு மேளத்துக்கு ஆடியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பாட்டு வேண்டாம், வார்த்தை வேண்டாம், அடி மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தால் போதும் என்பது அவர்களுக்கு உடம்பிலேயே தெரியும்.

ஆட்டம் நடக்கும் இடம் வட்டம். 'சைஃபர்' என்பார்கள். சுற்றிலும் ஆட்கள், நடுவில் ஒருவர். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உள்ளே வருவார், முந்தினவர் ஆடியதற்குப் பதில் சொல்வதுபோல் ஆடுவார். இந்த வட்டத்துக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவனுடைய ஸ்டெப்பை அப்படியே ஆடக் கூடாது. அதற்குப் பெயர் 'பைட்டிங்', அதாவது கடித்துத் தின்பது. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் மாற்ற வேண்டும், உன்னுடையதைச் சேர்க்க வேண்டும், யாரிடம் எடுத்தாய் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஸ்டெப்புக்குள்ளேயே ஆளுடைய பெயர் இருக்கிறது. 'சிசி' என்று ஒரு கால்வேலை: கிரேஸி கமாண்டோஸ் என்ற குழுவின் முதலெழுத்துகள் அவை. மேற்கே லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்ப்பெல் 1970ஐ ஒட்டி உருவாக்கிய ஆட்டத்துக்கு முதலில் இருந்த பெயர் 'கேம்ப்பெல்லாக்கிங்'. ஆளுடைய பெயரும் ஆட்டத்துடைய பெயரும் ஒட்டியே இருந்தன. இன்றைக்கு உலகம் முழுக்க அதை வெறும் 'லாக்கிங்' என்கிறார்கள். கேம்ப்பெல்லை வெட்டிவிட்டார்கள்.

வட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டத்துக்கு முன்பக்கம் கிடையாது. ஆடுகிறவன் ஒருத்தருக்கு முகம் காட்டினால் இன்னொருத்தருக்கு முதுகு காட்டுவான். அடுத்த நொடி அது மாறும். பறையடித்து ஆடுகிறவர்களும் அப்படித்தான் வளைந்து வளைந்து ஆடுகிறார்கள். முன்பக்கம் என்று ஒன்று வேண்டுமென்றால் அங்கே உட்கார ஒரு ராஜா வேண்டும், அல்லது சாமி, அல்லது சபாக்காரர். காமிரா அந்த ராஜாவின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

3

இந்தத் தெரு ஆட்டத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோன படம் என்று 'ஃப்ளாஷ்டான்ஸ்' (1983) படத்தைச் சொல்வார்கள். உண்மைதான். பல நாட்டுப் பிள்ளைகள் பிரேக் டான்ஸை முதன்முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். ஆனால் அந்தப் படம் என்ன செய்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கதாநாயகி பிட்ஸ்பர்க் நகரத்தில் வெல்டிங் வேலை செய்கிற பெண். இரவில் பாரில் ஆடுகிறவள். பெரிய நடனப் பள்ளியில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. ஒருநாள் தெருவில் நடந்து போகும்போது சில பையன்கள் ஆடுவதை நின்று பார்க்கிறாள். அந்தப் பையன்கள் சினிமாவுக்காக வேஷம் போட்டவர்கள் அல்லர். பிராங்க்ஸில் 1977இல் தொடங்கிய 'ராக் ஸ்டெடி க்ரூ' குழுவின் நிஜமான ஆட்டக்காரர்கள். கிரேஸி லெக்ஸ், கென் ஸ்விஃப்ட், ஃப்ராஸ்டி ஃப்ரீஸ், மிஸ்டர் ஃப்ரீஸ். ஓரிரு நிமிஷம் ஆடுகிறார்கள். கதாநாயகி சிரிக்கிறாள், கைதட்டுகிறாள், போய்விடுகிறாள். படம் அவர்களிடம் திரும்பி வருவதே இல்லை. அவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், எதற்கு ஆடுகிறார்கள் என்று படத்துக்கு அக்கறை இல்லை.

கடைசியில் நடனப் பள்ளியின் தேர்வு. மேசைக்குப் பின்னால் உம்மென்று உட்கார்ந்திருக்கிற நடுவர்கள். அவள் ஆடுகிறாள். நடுவில் தரையில் விழுந்து முதுகால் சுழல்கிறாள். தெருப் பையன்களிடம் பார்த்த ஸ்டெப். நடுவர்கள் அசந்துபோகிறார்கள். பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கிறது, அவளுக்கு.

இனி உண்மைக்கு வருவோம். அந்தக் காட்சியில் ஆடியது நடிகை ஜெனிஃபர் பீல்ஸ் அல்லர். பெரும்பகுதி ஆடியவர் மரீன் ஜஹான் என்ற பிரெஞ்சு நடனக்காரி. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தாவிக் குதித்தவர் ஒரு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. முதுகால் சுழன்றது யார் தெரியுமா? கிரேஸி லெக்ஸ். பிராங்க்ஸின் போர்ட்டோ ரிக்கோ பையன், தலையில் பெண்ணின் சவுரி வைத்துக்கொண்டு, ஆட்ட உடுப்பு மாட்டிக்கொண்டு சுழன்றான். முகம் நடிகையுடையது, முதுகு கிரேஸி லெக்ஸுடையது. கதைக்குள்ளும் தெருப் பையனின் ஆட்டம் இன்னொருத்திக்குக் கதவு திறக்கிறது. கதைக்கு வெளியே படப்பிடிப்பிலும் அதேதான் நடக்கிறது. ஆடியவன் வாசலுக்கு வெளியே நிற்க, அவனுடைய சுழற்சி மட்டும் உள்ளே போகிறது. இதைவிடத் தெளிவாக ஒரு படம் தன்னைத்தானே காட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

தொலைக்காட்சியின் கதை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 'சோல் ட்ரெயின்' என்ற நிகழ்ச்சி 1971லிருந்து அமெரிக்கா முழுக்க ஒளிபரப்பானது. கறுப்பின மக்களே நடத்திய நிகழ்ச்சி, பெரிய சாதனை. ஆனால் அந்த நிகழ்ச்சிக்கு உயிர் கொடுத்த ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. வாரத்துக்கு வாரம் நாடே பார்த்துக் கற்றுக்கொண்டது அவர்களுடைய ஸ்டெப்பை. 1983இல் மைக்கேல் ஜாக்சன் மேடையில் பின்னால் வழுக்கிப் போனபோது உலகம் அதை 'மூன்வாக்' என்றது. அதே அசைவை பில் பெய்லி என்ற கறுப்பின டாப் நடனக்காரர் 1950களிலேயே ஆடியது படச்சுருளில் இருக்கிறது. தெருப் பையன்கள் அதை 'பேக்ஸ்லைடு' என்று ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜாக்சன் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினச் சிறுவர்கள் தெருமுனைகளில் உண்டாக்கிய ஆட்டம் அது என்று 1988இல் வந்த தன்வரலாற்றில் எழுதினார். அவர் எழுதினார், காமிரா எழுதவில்லை. பார்த்தவர்களுக்கு அது அவருடைய கண்டுபிடிப்பாகவே நிலைத்துவிட்டது.

4

நம்ம பக்கத்துக்கு இந்த ஆட்டம் இப்படி உரிக்கப்பட்ட பிறகுதான் வந்து சேர்ந்தது. வீடியோ கேசட்டில் மைக்கேல் ஜாக்சன், அப்புறம் சினிமாவில் பிரபுதேவா. 'ஜென்டில்மேன்' 1993, 'காதலன்' 1994. எலும்பே இல்லாத மாதிரி ஆடிய அந்த ஆளைப் பார்த்து வடசென்னையில் பித்துப்பிடிக்காத பையன் இல்லை. கோயில் திருவிழாவிலும் இசைக் கச்சேரி மேடையிலும் 'பிரேக் டான்ஸ்' என்று அறிவித்தால் கூட்டம் சேரும். பாப்பிங், லாக்கிங், தரையாட்டம் எல்லாத்துக்கும் அந்த ஒரே பெயர். பாப்பிங் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஊர்க்காரரான பூகலூ சாமிடமிருந்து வந்தது, தரையாட்டம் பிராங்க்ஸிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சேரியில் பிறந்த நாங்கள், எங்களைப் போலவே ஒதுக்கப்பட்ட சனங்களின் ஆட்டத்தை, அது அவர்களுடையது என்று தெரியாமலே ஆடினோம். பணக்கார நாட்டு ஃபேஷன் என்றே நினைத்தோம். பெயர் போனால் புகழ் மட்டும் போவதில்லை. ஒரு சனம் இன்னொரு சனத்தை அடையாளம் கண்டுகொள்கிற வழியும் அதோடு அடைபட்டுப்போகிறது.

அதே வீடியோதான் அந்த வழியைத் திறந்தும் விட்டது. அதையும் சொல்லாமல் காமிராவைத் திட்டிக்கொண்டிருப்பது நியாயமாகாது. யூடியூப் 2005இல் வந்தது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து, நின்று நின்று ஓடுகிற வீடியோவை நாலு பேர் முண்டிக்கொண்டு பார்த்துத்தான் நான் 'ஆறு ஸ்டெப்' கற்றுக்கொண்டேன். ஜெர்மனியில் 1990இல் தொடங்கிய 'பேட்டில் ஆஃப் தி இயர்' போட்டியின் கேசட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக் கற்ற கொரியப் பையன்கள் 2002இல் அந்தப் போட்டியையே வென்றார்கள். வாத்தியார் இல்லாதவனுக்கு, சபாவுக்குள் விடப்படாதவனுக்கு, வீடியோ வாத்தியார். அரங்கேற்றம் பண்ண லட்ச ரூபாய் கேட்காத வாத்தியார்.

அப்படித் தேடும்போது கையில் கிடைத்ததுதான் 'தி ஃப்ரெஷெஸ்ட் கிட்ஸ்' (2002) என்ற ஆவணப் படம். பிராங்க்ஸின் பழைய ஆட்டக்காரர்கள் காமிராவைப் பார்த்துத் தாங்களே பேசுகிறார்கள். யார் முதலில் ஆடினது, எந்தப் பூங்காவில், யாரிடம் யார் தோற்றார்கள், 1984இல் சினிமாவும் விளம்பரமும் இந்த ஆட்டத்தை உறிஞ்சிவிட்டுத் துப்பியபோது என்ன ஆனார்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுக்கிறார். சண்டை போடுகிறார்கள். இதற்கும் 'ஃப்ளாஷ்டான்ஸ்' படத்துக்கும் உள்ள தூரம், நம் ஆட்கள் தாங்களே எழுதிய தன்வரலாற்றுக்கும் நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய 'அனுதாப' நாவலுக்கும் உள்ள தூரம். இரண்டிலும் காமிரா அதே காமிராதான். யார் பேசுவதற்காக அது அங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

5

செல்போன் வந்ததும் ஆட்டமே உருமாறியது. நெட்டுக்குத்தான சின்னச் சட்டகம். எதிரே ஒரே கண். பதினைந்து வினாடி. போனைச் சுவரில் சாய்த்துவைத்து ஆடுகிற பிள்ளைக்கு நகர இடமில்லை. அதனால் ஆட்டம் இடுப்புக்கு மேலே ஏறிவிட்டது. கை, தோள், முகபாவம். கால் வேலை செத்துவிட்டது. என்னிடம் வருகிற பிள்ளைகள் கையை அழகாகப் போடுகிறார்கள், எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றத் தெரியவில்லை. தரையாட்டமாக இருந்தால் தலையால் சுழல்வதை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் நின்றபடி ஆடி ஆள் தன்னை அறிமுகம் செய்துகொள்கிற 'டாப்ராக்' வெட்டப்பட்டுவிடும். டாப்ராக்கில்தான் ஆள் யாரென்று தெரியும். சுழலும்போது எல்லாரும் பம்பரம்தான்.

பெயரை அழிக்கிற வேலை இங்கே இன்னும் வேகமாக நடக்கிறது. 2019 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜலாயா ஹார்மன் என்ற பதினாலு வயதுக் கறுப்பினச் சிறுமி ஒரு பாட்டுக்கு ஆட்டம் அமைத்துப் போட்டாள். 'ரெனிகேட்' என்று பெயர். கடினமான ஆட்டம், கை ஒரு பக்கம் போக இடுப்பு ஒரு பக்கம் போகும். சில வாரத்தில் அது டிக்டாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முகமாக ஆனவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்களுக்கு விளம்பரம், ஒப்பந்தம், பணம். உண்டாக்கியவள் பெயர் எங்கேயும் இல்லை. அவளே போய் 'இது என்னுடையது' என்று சொன்னபோது கேட்பாரில்லை. 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை எழுதிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது. உண்டாக்கியவள் தன் வாயால் சொன்னது சாட்சியம் ஆகவில்லை, பெரிய இடம் முத்திரை குத்திய பிறகுதான் உண்மையானது. நமக்குப் பழகின நடைமுறை.

பாடம் கற்றுக்கொண்டார்களா? 2021 மார்ச்சில் ஜிம்மி ஃபாலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அடிசன் ரே என்ற வெள்ளைக்காரப் பெண் இப்படிப்பட்ட எட்டு ஆட்டங்களை வரிசையாக ஆடிக் காட்டினார். பல ஆட்டங்களை உண்டாக்கியவர்கள் கறுப்பினப் பிள்ளைகள். நிகழ்ச்சியில் ஒரு பெயர்கூடச் சொல்லப்படவில்லை. திட்டு விழுந்த பிறகு மறுமாதம் அவர்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். 2021 ஜூனில் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஒரு முடிவெடுத்தார்கள். மேகன் தீ ஸ்டேலியனின் புதுப் பாட்டு வந்தது, அதற்கு ஆட்டம் அமைக்க மாட்டோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். நாங்க இல்லாம ஆடிக் காட்டுங்க பாப்போம். மற்றவர்கள் என்ன ஆடுவதென்று தெரியாமல் கையை ஆட்டிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டத்தில் உழைப்பு இருக்கிறது, உழைப்பை நிறுத்த முடியும் என்று ஊருக்குக் காட்டிய வேலைநிறுத்தம் அது. பறையடிக்க மாட்டோம் என்று நம் ஊர்களில் நின்றவர்களின் நினைவு எனக்கு வந்தது. அவர்கள் அதற்காக அடிபட்டார்கள், ஊரைவிட்டு விலக்கப்பட்டார்கள் என்ற வித்தியாசத்தையும் மறக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1976ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் 'நடன அமைப்பு' என்பதற்குப் பதிப்புரிமை தருகிறது. ஆனால் சனங்கள் கூடி ஆடுகிற ஆட்டம், எளிய ஸ்டெப் இவற்றுக்குக் கிடையாது. 'ஃபோர்ட்நைட்' என்ற வீடியோ விளையாட்டில் பொம்மைகள் ஆடுகிற ஆட்டங்களைக் காசுக்கு விற்கிறார்கள். புரூக்ளினைச் சேர்ந்த டூ மில்லி என்ற பாடகரின் 'மில்லி ராக்' ஆட்டம் வேறு பெயரில் விற்பனைக்கு வந்தது. பெயரையும் மாற்றிவிட்டார்கள் பாருங்கள்! அவர் 2018 டிசம்பரில் வழக்குப் போட்டார். முறைப்படி பதிவு முடியாமல் வழக்குப் போட முடியாது என்று 2019 மார்ச்சில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல, இந்த வழக்கு திரும்பப் பெறப்பட்டது. கைல் ஹனகாமி என்ற நடன அமைப்பாளரின் வழக்கில்தான், நடனத்தைத் தனித்தனி போஸ்களாகப் பிய்த்துப் பார்க்கக் கூடாது என்று 2023 நவம்பரில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவர் தன் நடனத்தை முறையாகப் பதிவு செய்து வைத்திருந்தவர்.

இந்தப் பாகுபாட்டைக் கவனியுங்கள். ஒரு பக்கம் 'நடன அமைப்பு', அதற்கு ஆசிரியர் உண்டு. மறு பக்கம் 'சனங்களின் ஆட்டம்', அதற்கு ஆசிரியர் கிடையாது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். நம்மிடம் 'சாஸ்திரிய நடனம்', 'நாட்டுப்புறக் கலை' என்று சொல்வது இதையேதான். சதிர் ஆடிய பெண்களின் குடும்பங்களிலிருந்து அந்த ஆட்டம் 1930களில் மேல்சாதி மேடைக்குப் போய், பெயர் மாறி, 'புனிதம்' ஏறிய பிறகு அதற்கு ஆசிரியர்களும் பாணிகளும் பட்டங்களும் வந்தன. ஆடிக்கொண்டிருந்த பெண்களுக்கு மிஞ்சியது அவப்பெயர். நாட்டுப்புறக் கலைக்கோ இன்றுவரை பெயரே கிடையாது. ஒப்பாரிக்கு ஆசிரியர் இல்லை, பறையடிக்கு ஆசிரியர் இல்லை, எல்லாம் 'மக்கள் கலை'. பெயர் இல்லாமல் இருப்பது அந்தக் கலையின் இயல்பு என்பார்கள் அறிஞர்கள். யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை என்பதுதான் விஷயம்.

அதற்காக ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் பட்டா போட்டு வேலி கட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கட்டினால் முதலில் மாட்டிக்கொள்வது வியாசர்பாடிப் பையன்தான், வக்கீல் வைத்திருக்கிற கம்பெனி அல்ல. நான் கேட்பது வட்டத்தின் சட்டம். எடுத்துக்கோ, மாத்து, யார்கிட்ட எடுத்தேன்னு வாய் திறந்து சொல்லு. காசு வந்தா பங்கு குடு.

6

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் சேர்க்கப்பட்டது. தெரு ஆட்டத்துக்கு உலக மேடை. மதிப்பெண் முறையில் 'தனித்தன்மை'க்கு ஐந்தில் ஒரு பங்கு வைத்திருந்தார்கள். வட்டத்தின் சட்டத்தை ஏதோ ஒரு வடிவத்தில் மதித்தார்கள் என்று எனக்குச் சந்தோஷம். ஜப்பானின் அமி, கனடாவின் ஃபில் விசார்ட் தங்கம் வாங்கினார்கள். என்ன ஆட்டம்! அமியின் கால்வேலையை நான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஆனால் உலகம் பார்த்தது வேறு. ஆஸ்திரேலியாவின் ரேச்சல் கன், 'ரேகன்' என்ற பெயரில் ஆடிய பல்கலைக்கழக ஆசிரியை, கங்காருபோலத் துள்ளிய சில வினாடிகள்தான் செல்போன் செல்போனாகப் பாய்ந்தது. மூன்று சுற்றிலும் நடுவர் ஓட்டு ஒன்றுகூட வாங்காதவர் அவர். அவரைக் கேலி செய்வதில் எனக்கு விருப்பமில்லை. அந்தத் துண்டுக்குப் பிறகு பிரேக்கிங் என்றால் கோமாளித்தனம் என்று கோடிக்கணக்கான பேர் முடிவு கட்டிவிட்டார்களே, அதுதான் வருத்தம். 'சார், அந்தக் கங்காரு டான்ஸா நீங்க ஆடுறது?' என்று என்னிடமே கேட்டார்கள். ஐம்பது வருஷ உழைப்பு ஒரு துண்டு வீடியோவில் கரைந்துபோனது.

அதே மேடையில் அதே நாளில் இன்னொன்று நடந்தது. மனிழா தலாஷ், ஆஃப்கானிஸ்தானிலிருந்து தாலிபானுக்குத் தப்பி ஓடிவந்து அகதிகள் அணியில் ஆடிய பெண். ஆடும்போது, ஆஃப்கான் பெண்களை விடுதலை செய் என்று எழுதிய துணியை விரித்துக் காட்டினார். ஒலிம்பிக் மேடையில் அரசியல் வாசகம் கூடாது என்று தகுதிநீக்கம் செய்தார்கள். தீவைக்கப்பட்ட ஊரில் பிறந்த ஆட்டம் இது. அரசியல் கூடாதாம்! பிராங்க்ஸின் பையன்கள் எதற்கு ஆடத் தொடங்கினார்களோ அதற்காகவே அன்றைக்கு ஆடிய ஒரே ஆள் அவர் என்பது என் கருத்து. அந்தத் துணியைப் பார்த்தவர்களைவிடக் கங்காருவைப் பார்த்தவர்கள் எத்தனையோ மடங்கு அதிகம்.

7

கடைசியாக நம் வீட்டுக் கதை. டிக்டாக் இந்தியாவில் இருந்தபோது சுமார் 20 கோடி பேர் அதில் இருந்தார்கள் என்று செய்திகள் சொல்லின. சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், துப்புரவுப் பணி செய்கிறவர்கள், கிராமத்துக் காலனிப் பிள்ளைகள் முதல்முறையாக யாருடைய அனுமதியும் கேட்காமல் ஆடினார்கள். படித்த கூட்டம் அதற்கு வைத்த பெயர் 'கிரிஞ்ச்'. பழைய தீட்டுக்குப் புது இங்கிலீஷ் பெயர். சாவு ஊர்வலத்தில் துக்கத்தில் ஆடுகிறவனை எடுத்துச் சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போடுவார்கள். அதே குத்தைக் கதாநாயகன் ஆடினால் தியேட்டரில் காகிதம் பறக்கும். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. சில நாளில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. அங்கே நல்ல வெளிச்சமும் நல்ல வீடும் நல்ல இங்கிலீஷும் உள்ளவர்கள் முன்னால் வந்து நின்றார்கள். நம்மவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

பெயரை விடுகிற வேலை இங்கே இசையிலும் நடந்தது. அறிவு எழுதிப் பாடிய 'என்ஜாயி எஞ்சாமி' 2021இல் உலகம் சுற்றியது. அதைப் பற்றிப் பேசிய ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் கேட்ட பிறகு அவருக்கென்று தனியாக ஓர் அட்டை வந்தது. கேட்டால்தான் வருகிறது.

நானும் ஒரு டி.வி. நடனப் போட்டிக்குப் போயிருக்கிறேன். இரண்டு நிமிஷ ஆட்டத்துக்கு மூன்று மாதம் தயார் செய்தோம். ஆனால் அவர்கள் ஆர்வமாக வந்து எடுத்தது எங்கள் வீட்டை. ஒழுகுகிற கூரை, அம்மாவின் கண்ணீர், 'அப்பா என்ன வேலை செய்யுறாரு' என்ற கேள்வி. ஒரு நாள் முழுக்க எடுத்தார்கள். நிகழ்ச்சி வந்தபோது அழுகை நாலு நிமிஷம் ஓடியது. ஆட்டத்தில், ஃப்ரீஸ் போடுகிற இடத்திலெல்லாம் நடுவர்களின் வாய் பிளந்த முகத்தைக் காட்டினார்கள். என் கால் எங்கே என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இன்னொரு உண்மை உறைத்தது. ஆளைக் காட்டவே மாட்டார்கள் என்பதில்லை. பரிதாபமாக நின்றால் ஆளைக் காட்டுவார்கள், அப்போது ஆட்டத்தை மறைத்துவிடுவார்கள். திறமையும் சேரியும் ஒரே சட்டகத்துக்குள் ஒரே ஆளாக வருவதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

எனவே ஆட்டத்தை வீடியோவில் பார்க்கிற தோழர்களுக்கு என் வேண்டுகோள். பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். முகம் யாருது? கால் யாருது? பேரு எங்க? மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் கைதட்டுங்கள். சேரவில்லையென்றால் தேடுங்கள், எழுதுங்கள். உங்கள் ஊரில் சாவுக்கு ஆடுகிறவர், திருவிழாவுக்கு ஆடுகிறவர், பறையில் புது அடி கண்டுபிடித்தவர் இருப்பார். போனை எடுத்துக்கொண்டு போங்கள். தூரத்தில் நிற்காமல் வட்டத்துக்குள் நின்று எடுங்கள். காலை வெட்டாதீர்கள். இந்த அடி யாருது, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்கிற பெயரைத் தப்பில்லாமல் எழுதிப் போடுங்கள். என் வகுப்பில் எட்டு வயதுப் பிள்ளையும் 'சிசி' போடுமுன் 'கிரேஸி கமாண்டோஸ், பிராங்க்ஸ்' என்று சொல்லிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. சொல்ல இரண்டு வினாடி ஆகிறது.